பேருந்துப் பலகையில் வாஷிங்டன்

முதல் நாள்: நியூகாசிலிலிருந்து வாஷிங்டன்

மகள் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. வட இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜூன் மாதத்திலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் காய்கறி வாங்கப் போக வேண்டியிருக்கிறது. அப்படிப் போய்த் திரும்பும்போதுதான் அந்தப் பேருந்தைப் பார்த்தேன். நெற்றியில் 'வாஷிங்டன்' என்று எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. "அமெரிக்காவுக்கு டவுன் பஸ் விட்டிருக்கான் பாரு" என்றேன் மனைவியிடம். அவள் சிரிக்கவில்லை. "உங்க சிநேகிதர் பேராச்சே" என்றாள்.

சிநேகிதர் என்று அவள் சொன்னது அமெரிக்காவில் மேரிலாந்தில் இருப்பவரை. போன வருடம் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரரோடு தினமும் சாயங்காலம் நடப்பேன். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கறுப்பினத்தவர். அவருடைய குடும்பப் பெயர் வாஷிங்டன். ஒருநாள் என் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது, பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாமல் அப்பா பெயரைப் போட்டிருக்கிறேன், அதனால் உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் என்னைக் கூப்பிட்டால் அப்பாதான் வந்துவிட்டாரோ என்று திரும்பிப் பார்க்கிறேன் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். கொஞ்ச தூரம் நடந்தபிறகு, "உன் பெயரில் உன் அப்பாவாவது இருக்கிறார். என் பெயரில் யார் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது" என்றார்.

அந்தப் பேச்சு மனதிலேயே கிடந்தது. பேருந்தைப் பார்த்ததும், சரி, அந்தப் பெயர் கிளம்பிய இடத்திலிருந்து அது கப்பல் ஏறிய காலம் வரைக்கும் போய்ப் பார்த்துவிடலாம் என்று தோன்றிவிட்டது. ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை?

நியூகாசிலிலிருந்து வாஷிங்டன் ரொம்ப தூரமில்லை. பழைய நிலக்கரி ஊர். 1964இல் இதைப் புதுநகரமாக அறிவித்துத் தனித்தனிக் குடியிருப்புகளாகக் கட்டியிருக்கிறார்கள். அவற்றில் சிலவற்றின் பெயர்கள்: ஆல்பனி, கொலம்பியா, கான்கார்ட். பெயர் கொடுத்த ஊர் அமெரிக்காவிடமிருந்து பதிலுக்குப் பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறது, சீர் வரிசை திரும்பி வந்த மாதிரி.

பழைய கிராமம் ஒரு ஓரத்தில் அப்படியே இருக்கிறது. தேவாலயத்துக்குப் பக்கத்தில் 'ஓல்ட் ஹால்' என்ற கல்வீடு. நாம் கற்பனை செய்கிற அரண்மனை இல்லை, நல்ல வசதியான மிராசுதார் வீடு என்று சொல்லலாம். இப்போது பார்க்கிற கட்டடத்தில் பெரும்பகுதி 17ஆம் நூற்றாண்டில் திருப்பிக் கட்டியது. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கும் கல் வளைவுகள் மட்டும் இடைக்காலத்து மிச்சம். என் மனைவி அந்த வளைவில் கையை வைத்துப் பார்த்து, "ரொம்ப சில்லுனு இருக்கு" என்றாள்.

பெயர்க் கதை இங்கேதான் தொடங்குகிறது. ஆங்கிலோ சாக்சன் காலத்தில் வாஸா என்று ஒரு ஆள். 'இங்' என்றால் அவனைச் சேர்ந்தவர்கள். 'டன்' என்றால் பண்ணை, குடியிருப்பு, நம் பட்டி மாதிரி. வாஸா ஆட்களின் பட்டி என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வாஸா யார், என்ன செய்தான், ஒன்றும் மிஞ்சவில்லை. அவனுடைய வாரிசுகளும் இந்தப் பெயரோடு கிளம்பவில்லை.

கிளம்பியவர் வேறொருவர். வில்லியம் டி ஹெர்ட்பர்ன் என்ற பிரபு. 'டி' என்றால் 'அந்த ஊர்க்காரர்' என்று அர்த்தம், அவருடைய ஊர் ஹெர்ட்பர்ன். 12ஆம் நூற்றாண்டில் டர்ஹாம் பிஷப்புக்கு அந்த ஊரைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு வாஷிங்டனை வாங்கிக்கொண்டார். 1183இல் பிஷப் தன் நிலங்களுக்கு எடுத்த கணக்குப் புத்தகத்தில் இந்தக் கைமாற்று பதிவாகியிருக்கிறது. ஆண்டுக்கு 4 பவுண்டு கட்ட வேண்டும், பிஷப்பின் பெரிய வேட்டைக்கு நான்கு வேட்டை நாய்களோடு போய் நிற்கவும் வேண்டும். நிலம் மாறியதும் மனிதர் பெயரையும் மாற்றிக்கொண்டார். ஹெர்ட்பர்ன்காரர் வெஸ்ஸிங்டன்காரர் ஆகிவிட்டார். அப்போதைய எழுத்துக்கூட்டல் அப்படித்தான்.

என் தாத்தா பெயருக்கு முன்னால் ஒரு ஊர் இனிஷியல் உண்டு. அந்த ஊரில் எங்களுக்கு ஒரு செண்டு நிலம் கிடையாது. தாத்தா காலத்திலேயே விட்டு வந்தாயிற்று. ஆனாலும் சாகும்வரை கையெழுத்தில் அந்த எழுத்தைப் போட்டார். வில்லியமுக்கு ஊர்ப்பெயர் வெறும் விலாசம், வீடு மாறினால் விலாசமும் மாறும். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எங்கே போனாலும் அதைக் கூடவே தூக்கிக்கொண்டு போனார்கள். விலாசம் பெயராக உறைந்தது அப்போதுதான்.

மாடியில் ஒரு அறையில் நேரம் போனதே தெரியவில்லை. 19ஆம் நூற்றாண்டில் இந்த வீட்டைத் தடுத்து ஒண்டுக்குடித்தனமாக்கி ஒன்பது குடும்பங்கள் இருந்திருக்கின்றன. அந்த வாழ்க்கையைக் காட்ட ஒரே ஒரு அறையை அப்படியே வைத்திருக்கிறார்கள். சமையல், படுக்கை எல்லாம் அதற்குள்தான். 1936இல் இடிக்க நாள் குறித்தபோது உள்ளூர் ஆசிரியர் ஒருவர் முயற்சி எடுத்துத் தடுத்திருக்கிறார். 1955இல்தான் சீர்செய்து திறந்தார்கள். 1977இல் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டரே வந்து கிராமத்துப் புல்வெளியில் மரம் நட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

திரும்பும்போது பேருந்துப் பலகையை ஒரு படம் எடுத்து மேரிலாந்துக்கு அனுப்பினேன். அங்கே அப்போது விடிந்திருக்காது.

இரண்டாம் நாள்: டர்ஹாம்

ரயிலில் கால் மணி நேரம். ஆற்று வளைவில் மேட்டின் மேல் பேராலயம் நிற்பதை ரயில் பாலத்திலிருந்தே பார்க்கலாம். அந்த ஒரு காட்சிக்காகவே வரலாம்.

நான் தேடி வந்தது உள் பிரகாரத்தில் ஒரு சுவர்ப் பலகை. நம் கோயில் பிரகாரம் போலவே நான்கு பக்கமும் சுற்றி வருகிற தாழ்வாரம். 1416 முதல் 1446 வரை இங்கே மடத்துத் தலைவராக இருந்த ஜான் வாஷிங்டனை நினைவில் வையுங்கள், அவருடைய குடும்பம் அவர் அறியாத தேசங்களில் அழியாப் பெயர் பெற்றது என்கிற பொருளில் செதுக்கியிருக்கிறார்கள். மடத்தின் உரிமைகளுக்காகப் பழைய ஆவணங்களைத் தோண்டித் துருவி எழுதிக் குவித்த மனிதர். துறவி என்பதால் அவருக்குப் பின் அந்தக் கிளை இல்லை.

ஊரில் இருந்த மூத்த கிளையிலும் 1399க்குப் பிறகு ஆண் வாரிசு இல்லாமல் போய், நிலம் மகள் வழியாக வேறு பெயருக்குப் போய்விட்டது. ஆக, வாஷிங்டன் ஊரிலேயே வாஷிங்டன் குடும்பம் தீர்ந்துவிட்டது. பெயர் பிழைத்தது இளைய பிள்ளைகளால். நிலம் மூத்தவனுக்கு. இளையவன் எங்காவது போய்ப் பிழைத்துக்கொள்ள வேண்டும். 13ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஒரு இளைய கிளை மேற்கே வெஸ்ட்மோர்லாந்தில் பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டது. நாளைக்கு அந்தப் பக்கம்.

மூன்றாம் நாள்: வார்ட்டன்

கார்லைலில் ஒரு ரயில் மாற வேண்டும், லங்காஸ்டரில் இன்னொன்று. முதல் ரயில் தாமதம், அதனால் இரண்டாவது போச்சு. நடைமேடையில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். எதிரில் இருந்த ஒரு அம்மாள் வாசனையைக் கேட்டு விசாரிக்க, என் மனைவி பெருங்காயத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினாள்.

கார்ன்ஃபோர்த்தில் இறங்கி அரை மணி நேரம் நடந்தால் வார்ட்டன். சுண்ணாம்புக்கல் குன்றின் அடியில் சின்னக் கிராமம். செயின்ட் ஆஸ்வால்ட் தேவாலயத்தின் கோபுரத்தில் வாஷிங்டன் குடும்பச் சின்னம் செதுக்கியிருந்த கல் ஒன்று உண்டு. மழையிலும் காற்றிலும் தேய்ந்து போனதால் இப்போது உள்ளே வைத்துப் பாதுகாக்கிறார்கள். கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தால்தான் தெரிகிறது. வெள்ளைக் கேடயத்தில் குறுக்கே இரண்டு சிவப்புப் பட்டைகள், மேலே மூன்று நட்சத்திரங்கள். அமெரிக்கக் கொடிக்கே இதுதான் மூலம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அதற்குச் சான்று கிடையாது. ஆனால் வாஷிங்டன் டி.சி. நகரத்தின் கொடி 1938 முதல் அச்சு அசல் இந்தச் சின்னம்தான்.

இந்த ஊரில் பெயர் ரொம்ப காலம் தங்கியிருக்கிறது. கடைசி வாஷிங்டன் இங்கே பாதிரியாராக இருந்து 1823இல் இறந்தவர். அதற்குள் அமெரிக்காவில் அந்தப் பெயரில் ஒரு தலைநகரமே வந்துவிட்டது. அவருக்கு அது எப்படி இருந்திருக்கும்? ஒன்றுவிட்ட உறவில் ஒருவன் சென்னைக்குப் போய்ப் பெரிய ஆளாகிவிட்டால் ஊரில் இருக்கிறவர் சொல்வாரே, "நம்ம பய தான்" என்று, அப்படிச் சொல்லியிருப்பாரோ?

நான்காம் நாள்

கால் வலி. வீட்டிலேயே இருந்தோம். மேரிலாந்திலிருந்து பதில் வந்திருந்தது: பேருந்துப் படத்துக்கு மூன்று சிரிப்பு முகங்கள், கீழே ஒரு கேள்வி. "அந்த ஊரில் இப்போது வாஷிங்டன் யாராவது இருக்கிறார்களா?"

ஐந்தாம் நாள்: செல்பி, சல்கிரேவ், கிரேட் பிரிங்டன்

சனிக்கிழமை. மகளும் மாப்பிள்ளையும் காரில் கூட்டிக்கொண்டு போனார்கள். விடியற்காலையில் கிளம்பி வழியில் செல்பி மடாலயத்தில் நிறுத்தினோம். 14ஆம் நூற்றாண்டு வண்ணக் கண்ணாடியில் அதே பட்டைகளும் நட்சத்திரங்களும். எக்கச்சக்க உயரம். மாப்பிள்ளையின் கேமராவில் பெரிதாக்கித்தான் பார்க்க முடிந்தது.

மத்தியானம் சல்கிரேவ். மஞ்சள் கலந்த கல்லில் கட்டிய அழகான வீடு. இதைக் கட்டியவர் வார்ட்டனிலிருந்து வந்த லாரன்ஸ் வாஷிங்டன். ஆட்டு மயிர் வியாபாரம். இங்கிலாந்தின் பணம் அப்போது ஆட்டின் முதுகில்தான் இருந்தது. நார்த்தாம்ப்டனில் கம்பளி வியாபாரியாகி, 1532இலும் 1545இலும் அந்த நகரத்தின் மேயராக இருந்தார்.

நடுவில் எட்டாம் ஹென்றி மன்னர் மடங்களை எல்லாம் கலைத்து நிலங்களைப் பிடுங்கிக்கொண்டார். பிடுங்கிய நிலம் ஏலத்துக்கு வந்த மாதிரி சந்தைக்கு வந்தது. 1539இல் லாரன்ஸ், நார்த்தாம்ப்டனின் புனித ஆண்ட்ரூ மடத்துக்குச் சொந்தமாக இருந்த சல்கிரேவ் நிலத்தை 324 பவுண்டு 14 ஷில்லிங் 10 பென்ஸ் கொடுத்து வாங்கினார். அந்தப் பத்துப் பென்ஸ் வரைக்கும் கணக்கு நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. நான் வங்கியில் 31 வருடம் கணக்குப் பார்த்தவன்.

யோசித்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை. பெயர் பிஷப்பிடமிருந்து கிடைத்த நிலத்தில் பிறந்தது, சாமியார்கள் இழந்த நிலத்தில் வளர்ந்தது. இதையே வழக்கமான வம்ச வரலாறாக எழுதினால் "வீரம் மிக்க மாவீரர் குலம்" என்று தொடங்குவார்கள். எனக்கென்னவோ இந்தக் குடும்பத்தின் திறமை பத்திரப் பதிவில்தான் என்று படுகிறது.

வாசல் வளைவின் மூலைகளில் பட்டையும் நட்சத்திரமும் செதுக்கியிருக்கிறது. பக்கத்துத் தேவாலயத்தில் லாரன்ஸின் சமாதி. 4 ஆண், 7 பெண் பிள்ளைகள். இத்தனை வாயிருந்தால் எந்தச் சொத்துதான் தாங்கும்? பேரன் காலத்தில் கை சுருங்கிவிட்டது. அந்தப் பேரன் பெயரும் லாரன்ஸ் (இவர்களுக்கு ராபர்ட், லாரன்ஸ், ஜான் தவிர வேறு பெயரே தெரியாது போல). அவருடைய கல்லறை ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தூரத்தில் கிரேட் பிரிங்டனில், பீடத்துக்கு அருகே தரையில் பதித்திருக்கிறது. 1616 டிசம்பர் 13இல் இறந்தார், 8 ஆண், 9 பெண் என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். என் மனைவி அந்த அம்மாளின் பெயரைத் தேடினாள். மார்கரெட். "பதினேழு" என்று மட்டும் சொன்னாள்.

இந்தத் தேவாலயம் ஸ்பென்சர் குடும்பத்துக்குரியது, இளவரசி டயானா பிறந்த வீட்டார். ஆல்தார்ப் அரண்மனை அடுத்தாற்போல். வாஷிங்டன்கள் அவர்களுக்கு உறவு. ஸ்பென்சர்களின் சமாதிகள் பளிங்குச் சிலைகளோடு ஒரு பக்கம் முழுக்க அடைத்துக்கொண்டிருக்கின்றன. உறவுக்காரர் தரையில் ஒரு பலகைக் கல்லாகக் கிடக்கிறார். கல்யாண வீட்டில் ஏழைச் சொந்தத்துக்கு எந்தப் பந்தியில் இடமோ அந்த இடம்.

ஆறாம் நாள்: பர்லி, மால்டன்

எசெக்ஸ். சமதரையில் ஒரு சின்ன மேடு, மேட்டில் பர்லி தேவாலயம். அந்தப் பதினேழு பேரில் ஒருவர், இன்னொரு லாரன்ஸ், இங்கே பாதிரியார். ஆக்ஸ்ஃபோர்டில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர். அங்கே அந்தப் பதவியில் இருப்பவர்கள் கல்யாணம் செய்யக் கூடாது என்பது அன்றைய விதி. ஆம்ஃபிலிஸ் என்ற பெண்ணுக்காகப் பதவியை விட்டு இந்த வளமான தேவாலயத்துக்கு வந்தார்.

பிறகு அரசருக்கும் பாராளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர். பாராளுமன்றத் தரப்பு 1643இல் இவரை வெளியேற்றியது. சாராயக்கடையே கதி என்று கிடக்கிறார், மற்றவர்களையும் குடிக்கத் தூண்டுகிறார் என்று குற்றச்சாட்டு. நூறு பாதிரியார்களின் யோக்கியதையை அச்சடித்து வெளியிட்ட பட்டியலில் இவர் பெயரும் இருக்கிறது. ஆனால் அவரை அறிந்த உள்ளூர் நீதிபதி ஒருவர், அடக்கமான, நிதானமான மனிதர் என்றுதான் சொல்லியிருக்கிறார். அரசர் பக்கம் நின்றதுதான் உண்மையான குற்றம் என்று நான் நினைக்கிறேன். ஆளைத் தூக்க வேண்டுமென்றால் குடிகாரன் என்று எழுதுவது எல்லா ஊரிலும் இருக்கிற பழக்கம்தானே.

பக்கத்தில் லிட்டில் பிராக்ஸ்டெட் என்ற வருமானமில்லாத தேவாலயத்தைக் கொடுத்தார்கள். அங்கே வறுமையில் காலம் தள்ளி 1653இல் இறந்தார். மால்டனில் புதைத்தார்கள். மால்டன் தேவாலயத்தில் இப்போது ஒரு வாஷிங்டன் கண்ணாடிச் சாளரம் இருக்கிறது, 1928இல் வைத்தது. கொடுத்தவர்கள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள மால்டன் நகரத்து மக்கள். மகள் துறைப்பக்கம் போய் ஒரு டப்பா மால்டன் உப்பு வாங்கி வந்தாள். உப்பில் என்ன வித்தியாசம் என்று என் மனைவிக்கு இன்னும் விளங்கவில்லை.

பாதிரியாரின் மூத்த மகன் ஜான். அப்பாவுக்கு வேலை போயிற்று, பரம்பரைச் சொத்தும் இல்லை. 1656இல் எட்வர்ட் பிரெஸ்காட் என்பவரோடு சேர்ந்து 'சீ ஹார்ஸ்' என்ற லண்டன் கப்பலில் புகையிலை வாங்க வர்ஜீனியாவுக்குப் போனார். திரும்பும்போது, 1657இன் தொடக்கத்தில், போடோமாக் ஆற்றில் கப்பல் தரைதட்டிவிட்டது. கப்பலை மீட்டார்கள், ஆனால் ஜான் அங்கேயே தங்கிவிட்டார். பண்ணைக்காரர் நத்தேனியல் போப்பின் மகள் ஆன்னைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்த மணல்திட்டு கொஞ்சம் தள்ளியிருந்தால் அமெரிக்கத் தலைநகருக்கு வேறு பெயர். அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனின் கொள்ளுத்தாத்தா இவர்தான்.

பிரெஸ்காட்டோடு பிறகு ஒரு விவகாரம். பிரெஸ்காட் தன் கப்பலில் எலிசபெத் ரிச்சர்ட்சன் என்ற பெண்ணைச் சூனியக்காரி என்று தூக்கில் போட விட்டுவிட்டார் என்று ஜான் 1659இல் மேரிலாந்து ஆளுநரிடம் புகார் கொடுத்தார். விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அன்றைக்குத்தான் மகனுக்கு ஞானஸ்நானம், உறவினர்களை எல்லாம் அழைத்தாயிற்று, வர இயலாது என்று ஜான் கடிதம் எழுதினார். சாட்சி வராததால் பிரெஸ்காட் விடுதலை. இதைக் காரில் சொன்னபோது மகள், "புகார் கொடுத்தவரே விசேஷம் இருக்குன்னு போகலையாப்பா?" என்றாள். அந்தப் பெண் பெயர் கடைசியில் ஒரு வழக்குக் காகிதத்தில் மட்டும் நின்றுபோயிற்று.

இங்கிலாந்தில் என் பயணம் இத்தோடு முடிந்தது.

அடுத்த வருடம், ஒரே ஒரு நாள்: மவுண்ட் வெர்னன், வர்ஜீனியா

மறுபடி மகன் வீடு. பக்கத்து வீட்டுக்காரரே வண்டியை எடுத்தார். நாற்பது வருடம் இந்தப் பக்கத்தில் இருந்தும் இங்கே வந்ததில்லையாம்.

குடியேறுகிறவர் செலவு செய்து அழைத்து வரும் தலை ஒவ்வொன்றுக்கும் 50 ஏக்கர் என்பது வர்ஜீனியா வழக்கம். அப்படி ஆட்களைக் காட்டித்தான் ஜானும் நிக்கலஸ் ஸ்பென்சர் என்பவரும் 1674இல் 5,000 ஏக்கர் வாங்கினார்கள். அந்த நிலத்தின் ஒரு பகுதிதான் மவுண்ட் வெர்னன். ஜார்ஜ் வாஷிங்டன் 1799இல் இறந்தபோது இங்கே 317 அடிமைகள் இருந்தார்கள். அவர்களில் 123 பேர் அவருக்குச் சொந்தம். அந்த 123 பேருக்கு உயிலில் விடுதலை எழுதிவைத்தார். மற்றவர்களில் பெரும்பாலோர் மனைவியின் முதல் கணவர் சொத்தைச் சேர்ந்தவர்கள், அவர்களை விடுவிக்கச் சட்டத்தில் இடமில்லை.

ஜார்ஜுக்குச் சொந்தப் பிள்ளை கிடையாது. 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அமெரிக்காவில் வாஷிங்டன் என்ற குடும்பப் பெயர் உள்ளவர்கள் 1,63,036 பேர். அவர்களில் சுமார் 90 சதவீதம் கறுப்பினத்தவர். எல்லோரும் இந்தப் பண்ணையிலிருந்து வந்தவர்கள் அல்ல. விடுதலைக்குப் பிறகு பள்ளியிலும் அலுவலகத்திலும் முழுப்பெயர் கேட்டபோது பலர் தாங்களாகவே எடுத்துக்கொண்டது. கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் அப்படித்தான். ஆசிரியர் பெயர் கூப்பிட்டு வருகிறபோது மற்றப் பிள்ளைகளுக்கு எல்லாம் இரண்டு பெயர் இருக்கிறதே என்று பயந்து, தன் முறை வந்ததும் 'புக்கர் வாஷிங்டன்' என்று சொல்லிவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். அவருடைய மாற்றாந்தந்தையின் முதல் பெயர் வாஷிங்டன்.

ஆனால் இங்கிருந்தே பெயரைக் கொண்டுபோனவர் ஒருவரும் உண்டு. காம்பியாவில் பிறந்த ஹாரி, குதிரைகளைப் பார்த்துக்கொண்டவர். 1776இல் தப்பி ஆங்கிலேயர் படையில் சேர்ந்தார், முதலாளி எதிர்த்துப் போரிட்ட அதே படையில். 1783இல் நோவா ஸ்கோஷியாவுக்குக் கப்பல் ஏறினார். 1792இல் ஆப்பிரிக்காவுக்கே திரும்பி சியரா லியோனில் குடியேறினார். அங்கே ஆண்ட ஆங்கிலேயக் கம்பெனி நிலவரி கேட்டது. 1800இல் அதை எதிர்த்துக் கிளம்பியவர்களில் ஹாரி வாஷிங்டனும் ஒருவர். நாடு கடத்திவிட்டார்கள்.

இதைச் சொல்லி முடித்தபோது நாங்கள் அடிமைகளின் இடுகாட்டில் நின்றோம். மரங்களுக்கு நடுவே சரிவான நிலம். பெயர் வெட்டிய கல் ஒன்றுகூட இல்லை. நண்பர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நானும் மாலையில் நடக்கும்போது போடும் மங்கி குல்லாவைக் கழற்றினேன். ரொம்ப நேரம் பேசவில்லை.

வண்டி நிறுத்தத்தில் என் போனில் இருந்த படங்களைக் காட்டினேன். சல்கிரேவ் வாசலைச் சட்டென்று தள்ளிவிட்டார். ஓல்ட் ஹாலின் அந்த ஒண்டுக்குடித்தன அறையில் நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒன்பது குடும்பமா என்று கேட்டார். ஆமாம், எல்லாம் வேலைக்காரக் குடும்பங்கள், அவர்களில் யாரும் வாஷிங்டன் கிடையாது என்றேன். தன் பாட்டி வீடும் இப்படித்தான் இருக்கும், ஒரே அறை, மூலையில் அடுப்பு என்றார்.

அடுத்த கோடையில் அவரும் போகிறாராம். நியூகாசிலில் எந்தப் பேருந்தில் ஏற வேண்டும் என்று கேட்டு, எழுதிக்கொள்ளப் பேனாவையும் எடுத்துவிட்டார். எழுத வேண்டாம், நெற்றியில் உங்கள் பெயர் போட்டு வரும், ஏறிக்கொள்ளுங்கள் என்றேன்.